கண்காணிப்புக் கிணறுகளை மூடுவது ஏன், எப்படி?

பயன்படாத கிணற்றை மூட வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பிவிடுவார்கள். ஆனால் நச்சுக் கழிவு கலந்த நிலத்திலுள்ள ஒரு கிணற்றை அவ்வாறு மூடினால் பெருந்தீங்கு விளையக்கூடும். அது எவ்வாறு என்று காண்போம்.

இரசாயன ஆலைகள் பல ஆண்டுகள் இயங்கிய நிலத்தில் கழிவுகள் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரிலும் கலந்திருக்கும். அவை எவ்வளவு ஆழம் சென்றுள்ளன, எத்திசையில் நகர்கின்றன என்பதை அறிய ஆங்காங்கே குறுகிய துளைகள் இடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்குவார்கள். குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய கீறல்களின் வழியே நீர் உள்ளே வரும். அதன் மட்டத்தை அளப்பார்கள். சிறிது நீரை எடுத்துச் சோதிப்பார்கள். இவையே கண்காணிப்புக் கிணறுகள். நிலத்தைத் தூய்மை செய்து கட்டடம் எழுப்பும் காலம் வரும்போது, தேவையற்ற கிணறுகளை மூடியாக வேண்டும்.

லண்டன் மாநகரின் கிழக்கே லீ ஆற்றின் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நெடுங்காலம் தொழிற்சாலைகள் இருந்தன. 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காக அந்நிலத்தைச் சீர்செய்தபோது தார், எண்ணெய், ஈயம், ஆர்செனிக் முதலியவை மண்ணில் காணப்பட்டன. மண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவித் தூய்மை செய்தார்கள். அப்பகுதியில் மேலே சரளை அடுக்கு, அதற்குக் கீழே களிமண் மிகுந்த அடுக்குகள், ஆழத்தில் சுண்ணப்பாறை. அந்தச் சுண்ணப்பாறையில் உள்ள நீர் லண்டன் மக்களின் குடிநீருக்கும் பயன்படுகிறது. மேலே உள்ள கெட்ட நீருக்கும் கீழே உள்ள நல்ல நீருக்கும் இடையே களிமண் ஒரு மூடிபோல் அமைந்துள்ளது. ஆழம்வரை இட்ட துளை ஒவ்வொன்றும் அந்த மூடியில் ஓர் ஓட்டையே.

ஒரு சிறு கணக்கு

நிலத்தினுள் நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி விளக்கினார். நீர்மட்ட வேறுபாடு, பரப்பளவு, மண்ணின் நீர்விடும் திறன் ஆகியவை மிகுந்தால் ஓட்டமும் மிகும். கடக்க வேண்டிய தொலைவு மிகுந்தால் ஓட்டம் குறையும்.

கெட்டியான களிமண்ணைவிடப் பருமணல் பத்து லட்சம் மடங்கு எளிதாக நீரை விடக்கூடியது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையின் பரப்பு சுமார் 0.0177 சதுர மீட்டர். அத்துளையில் வெறும் மணலைக் கொட்டி மூடியதாகக் கொள்வோம். 0.0177ஐப் பத்து லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். 17,700 சதுர மீட்டர், அதாவது நான்கு ஏக்கருக்கும் மேற்பட்ட களிமண் பரப்பு கசியவிடும் நீரை அந்த ஒரு துளையே கடத்தக்கூடும்! களிமண் 10 மீட்டர் தடிமனும் நீர்மட்ட வேறுபாடு 3 மீட்டரும் இருந்தால், நீர் அதைக் கடக்கச் சில நூறு ஆண்டுகள் ஆகும். துளையின் வழியே அது சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

நீர்மட்டம் எந்த அடுக்கில் உயரமோ, அங்கிருந்துதான் ஓட்டம் தொடங்கும். ஆனால் உலோகங்களின் எண்ணெய்ப் பசையைப் போக்கப் பயன்படும் டிரைகுளோரோ எத்திலீன் போன்ற திரவங்கள் நீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தியானவை. அவை தம் எடையாலேயே கீழே இறங்கும்.

மூடும் முறை

முதலில் துளையின் ஆழத்தை அளந்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பிறகு குழாயை உருவி எடுப்பார்கள். வராவிட்டால் சுற்றிலும் துளைத்து அகற்றுவார்கள். குழாயைச் சுற்றியுள்ள அடைப்பு உறுதியானது என்று தெரிந்தால் மட்டும் குழாயை உள்ளேயே விட்டு அடைப்பதுண்டு.

அடைப்பதற்குச் சிமெண்டுக் குழம்புடன் சிறிது பெண்டோனைட் சேர்ப்பார்கள். பெண்டோனைட் என்பது நீரை உறிஞ்சிப் பலமடங்கு பருக்கும் ஒருவகைக் களிமண். இக்குழம்பை மேலிருந்து ஊற்றுவதில்லை. அப்படி ஊற்றினால் அது நீரோடு கலந்து கரையும். இடையிடையே வெற்றிடமும் விழும். ஒரு மெல்லிய குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாக நிரப்புவார்கள். அடர்த்தி மிகுந்த குழம்பு, துளையில் உள்ள நீரை மேலே தள்ளி வெளியேற்றும். அந்த நீரையும் பிடித்து முறைப்படி அகற்ற வேண்டும்.

சரியாக நிரம்பியதா என்று எப்படி அறிவது? உருளையின் கன அளவு காணும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். 15 செ.மீ. விட்டம், 20 மீட்டர் ஆழம் எனில் ஏறக்குறைய 353 லிட்டர் வேண்டும். 250 லிட்டரிலேயே குழம்பு மேலே வந்துவிட்டால் உள்ளே எங்கோ வெற்றிடம் உள்ளது என்று பொருள். மறுநாள் குழம்பு தாழ்ந்திருந்தால் மீண்டும் நிரப்புவார்கள். கடைசியாகத் துளை இருந்த இடத்தையும் அடைத்த விவரத்தையும் பதிவு செய்வார்கள்.

எல்லாக் கிணறுகளையும் உடனே மூடுவதும் தவறு. தூய்மை செய்த பின்னரும் மண்ணில் ஒட்டியிருந்த நச்சு மெல்ல நீரில் கலக்கலாம். ஆகவே சில கிணறுகளைக் காத்து வைத்து, சில ஆண்டுகள் சோதித்த பின்னரே மூட வேண்டும். அவை கட்டட வேலையில் உடைந்து மண்ணுக்குள் மறைந்துபோனால், பின்னர் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி நீக்குங்கள். வாயில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். உள்ளே ஈரமணலைப் போட்டு, அதன்மேல் பிசைந்த களிமண்ணை ஓரங்களில் இடைவெளியின்றி மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்கு அழுத்துங்கள். மேலே மை கலந்த நீரை ஊற்றுங்கள். நீர் அப்படியே நிற்கும். இப்போது களிமண்ணை ஒரு பென்சிலால் துளையுங்கள். சிறிது நேரத்தில் மை நீர் கீழே சொட்டத் தொடங்கும். அந்தத் துளையை ஒரு சொட்டும் கசியாதவாறு உங்களால் அடைக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.