சந்தை இருக்கக் கம்பனி எதற்கு?

நுவரெலியாக் கரட், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம், அயலூர்த் தோட்டங்களின் கத்தரிக்காய், பூசணி எல்லாம் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வந்து இறங்குகின்றன. கண்டி–யாழ்ப்பாண வீதியும் திருகோணமலை வீதியும் கூடும் ஊர் இது. 1999இல் இந்த மொத்தச் சந்தை இங்கே தொடங்கப்பட்டது. நாட்டாமிமார் ஒரு லொறியிலிருந்து இறக்கும் மூட்டை, கை மாறி, இன்னொரு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. இன்றைக்கு இவ்வளவு கரட் வரவேண்டும், இன்ன விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று கட்டளையிட அங்கே ஒருவரும் இல்லை. வரத்துக் கூடினால் விலை விழும். மழையில் பயிர் அழுகினால் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே ஆயிரக்கணக்கானோர் எதை நடுவது, எதை வாங்குவது என்று முடிவுசெய்கிறார்கள்.

கட்டளை இல்லாமலே இத்தனையும் நடக்குமென்றால், மேலிருந்து கீழே கட்டளையாலேயே நடக்கும் கம்பனிகள் உலகில் ஏன் தோன்றின?

1937இல் றொனால்ட் கோஸ் என்ற இளம் ஆங்கிலேயப் பொருளியலாளர் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் கண்ட விடை மிக எளியது: சந்தையைப் பயன்படுத்துவதற்கும் செலவு உண்டு. யார் என்ன விலை தருவார் என்று விசாரிக்கவேண்டும், பேரம் பேசவேண்டும், பேசியபடி நடக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். இந்தச் செலவு பெருகும் இடத்தில், ஆட்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து வேலை வாங்குவது மலிவாகிவிடுகிறது. அங்கேதான் கம்பனி பிறக்கிறது. 1991இல் கோஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்ன செலவைத் தம்புள்ளையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹர்ஷ டி சில்வாவும் இன்னொரு ஆய்வாளரும் இந்தச் சந்தைக்கு வரும் சிறு மரக்கறி விவசாயிகளின் செலவுகளை விதைப்பு முதல் விற்பனை வரை கணக்கெடுத்தார்கள். மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம் தகவல் தேடுவதற்கே போயிருந்தது. பசளைக்கும் நாசினிக்கும் கொடுத்த காசு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; எங்கே என்ன விலை என்று அறிய அலைந்த அலைச்சலும் ஒரு செலவுதான் என்பது அந்தக் கணக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பல்லாயிரம் மைல் தொலைவில் எழுதிய ஒரு கருத்து, இங்கே விவசாயியின் பையிலிருந்து போன ரூபாயாக அகப்பட்டது எனக்குப் பெரும் வியப்பு.

சுப்பர்மார்க்கெட் கம்பனிகள் கிராமங்களில் சேகரிப்பு நிலையம் வைத்து நேரடியாகக் கொள்முதல் செய்வதும் இந்தச் செலவைக் குறைக்கத்தான். விலை முன்கூட்டியே தெரிகிறது, அலைச்சல் மிச்சமாகிறது. ஆகவே கம்பனியே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆனால் ஊரில் வாங்குபவர் ஒரே ஒருவர் என்று ஆகிவிட்டால், அந்த விலையைப் பேசித் தீர்மானிக்கும் பலம் விவசாயிக்கு எங்கிருந்து வரும்?

கம்பனி தானாக முளைத்த ஒன்றுமல்ல. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பதிவான கணத்திலிருந்து அது பங்குதாரரிலிருந்து வேறான ஒரு சட்ட ஆள். காணி வாங்கும், வழக்குப் போடும், பங்குதாரர் செத்தாலும் சாகாது. கடனில் மூழ்கினாலும் பங்குதாரருக்குப் போட்ட பணம்தான் போகும், வீடுவாசல் போகாது. துணிந்து முதலிட இது பெரிய பாதுகாப்பு. அதைக் கொடுப்பது சமூகம். கொடுத்த சமூகத்துக்கு நிபந்தனை விதிக்கும் உரிமையும் உண்டு.

நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. தம்புள்ளைக் குகைக் கோயிலில் மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் சிலை நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குகைகளைப் புதுப்பித்து ஓவியம் தீட்டுவித்த நாயக்கர் வம்சத்து அரசன் அவன். 1765இல் அவனுடைய தலைநகர் கண்டிக்குள் புகுந்தது ஒரு கம்பனியின் படை. அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் தன் கரையோரங்களையெல்லாம் அவன் எழுதிக்கொடுத்ததும் அந்தக் கம்பனிக்குத்தான். அதுதான் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி. 1602இல் தொடங்கிய அதற்குக் கோட்டை கட்டவும், போர் தொடுக்கவும், உடன்படிக்கை செய்யவும் சாசனத்திலேயே அதிகாரம் இருந்தது. அதன் பங்குகள் அம்ஸ்டர்டாமில் கைமாறிக்கொண்டிருக்க, இங்கே கறுவாவைக் களவாக உரித்து விற்றவருக்கு மரண தண்டனை விதிக்க முடிந்தது. விற்பவனே சட்டமும் நீதிமன்றமுமாக இருந்தால் முறையிட எங்கே போவது?

இன்றைய கம்பனிக்குப் படை இல்லை. ஆனால் அளவு இருக்கிறது. போட்டியாளரை வாங்கி விழுங்கும் வசதி இருக்கிறது. 1987இல் வந்த நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில், தனியுரிமையையும் கம்பனிகள் ஒன்றிணைவதையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. 2003இல் அதன் இடத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தபோது அந்த அதிகாரம் கைவிடப்பட்டது. கட்டுப்பாட்டு விலையை மீறிய சில்லறைக் கடைக்காரருக்குத் தண்டம் அடிக்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு. இரண்டு பெரிய கம்பனிகள் ஒன்றாகிச் சந்தையைக் கையில் எடுப்பதை முன்கூட்டியே நிறுத்த வழி வைக்கவில்லை. சிறியவரைப் பிடித்துப் பெரியவரை விடும் இந்த ஏற்பாடு தவறு.

திருத்துவதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. ஒன்றிணைவுகளை ஆராயும் அதிகாரம் திரும்ப வேண்டும், கொள்முதல் விலையைக் கம்பனிகள் நாளாந்தம் வெளியிட வேண்டும், விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேச இடம் வேண்டும். தேர்தல் காலத்தில் தம்புள்ளைச் சந்தைக்குள் கைகூப்பி வருபவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. 2003இல் கைவிட்டதை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.