இலவச டிக்கெட்டும் இலாபக் கணக்கும்

போன கிழமை கடைக்கு வந்த இளைஞர் ஒருவர், "நானா, சும்மா கெடச்ச டிக்கெட்ட வித்தா பொலிஸ் புடிக்குமா?" என்று கேட்டார். கூட்டாளி ஒருவர் கொடுத்த இசை நிகழ்ச்சி டிக்கெட்டுகள் இரண்டு அவர் கையில் இருந்தன. முதல் போடாத சரக்கு, வருவதெல்லாம் இலாபம் என்பது அவரது கணக்கு.

இதே கணக்கை 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பலர் போட்டார்கள். ஆபிரிக்காவின் வறுமையை உலகத் தலைவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக, பாடகர் பொப் கெல்டோஃப் ஜூலை 2ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில் 'லைவ் 8' என்ற இசை நிகழ்ச்சியை நடத்தினார். டிக்கெட் இலவசம். ஒன்றரைப் பவுண் கட்டணத்தில் குறுந்தகவல் அனுப்பியவர்களுக்கிடையே குலுக்கல் நடந்தது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறுந்தகவல்கள் குவிந்தன. வென்றவர்களுக்குத் தலா இரண்டு டிக்கெட்டுகள்.

குலுக்கல் முடிந்த கையோடு அந்த டிக்கெட்டுகள் ஈபே இணையத்தளத்தில் ஏலத்துக்கு வந்தன. கெல்டோஃப் கொதித்துப் போனார். "இதைச் சட்டம் தடுக்கவில்லை" என்பது ஈபேயின் முதல் பதில். தமக்குச் சேரும் கட்டணத்துக்கு ஈடான தொகையை நிகழ்ச்சிக்கே தருவதாகவும் சொன்னார்கள். பொதுமக்கள் கேட்கவில்லை. ஒரு கோடிப் பவுண் வரை பொய்யாக விலை கேட்டு ஏலத்தையே குழப்பினார்கள். கடைசியில் ஈபே அந்த விற்பனையை நிறுத்தியது.

ஈபே சொன்னது பொய்யல்ல. அன்று அங்கே டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது பொதுவாகக் குற்றமாக இருக்கவில்லை. உதைபந்தாட்டத்துக்கு மட்டும், எதிரெதிர் ரசிகர்கள் கலந்து மோதிக்கொள்ளாதிருக்க, 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருந்தது. பின்னர் 2012 ஒலிம்பிக் டிக்கெட்டுகளுக்கும் தனிச் சட்டம் வந்தது. அதற்கான அபராதம் 20,000 பவுண் வரை உயர்த்தப்பட்டது.

குற்றமில்லை என்பதற்காகப் பிரச்சினையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். "கைமாற்ற முடியாது" என்று அதில் அச்சிட்டிருந்தால் ஏற்பாட்டாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். காசு கொடுத்து வாங்கியவர் யாரைத் தேடி வருவார்? விற்றவரைத்தான்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் சவர்க்காரப் பெட்டியோடு கம்பனி இலவசமாகத் தந்த பிளாஸ்டிக் கோப்பைகளைத் தனியாக விலை போட்டு விற்றேன். மாதாந்தம் சாமான் வாங்கும் ஒரு வீட்டம்மா கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் 'விற்பனைக்கல்ல' என்றிருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். பொலிஸ் வரவில்லை, வழக்கும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்த வீட்டுச் சாமான் பட்டியல் எதிர்க்கடைக்குப் போயிற்று. கோப்பையில் கிடைத்த சில ரூபாய்க்கு நான் கொடுத்த விலை அது.

இளைஞரிடம் இரண்டு விடயங்கள்தான் சொன்னேன். டிக்கெட்டின் பின்பக்கத்தை வாசியுங்கள். தந்த கூட்டாளியின் முன்னால் நின்று இதை விற்க முடியுமா என்று யோசியுங்கள். அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அவனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கிறேன், நானா" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நம் கடைகளிலும் இலவசமாக வந்த சாமான்கள் எத்தனையோ கிடக்கும். விலை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.