தொடும் தூரத்தில் ஓர் ஆட்டக்காரர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படாளத்துப் பையன்களிடம் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், பாதிப் பேர் கபில்தேவ் என்பார்கள். மீதிப் பேர் பெயரே சொல்லாமல் கையை நீட்டிக் காட்டுவார்கள். அவர் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார். நான் கை நீட்டிய கட்சி.

மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த அண்ணன் லோடு ஏற்றி இறக்குகிறவர். பொங்கலுக்கு மட்டும் கபடி ரைடர். அறுவடை முடிந்த வயலில் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மரத்தூள் தூவி, சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். நான்கு பக்கமும் சவுக்குக் கம்பம் நட்டு டியூப் லைட் கட்டுவார்கள். இரவில் தொடங்கும் ஆட்டம் விடிய விடிய நடக்கும். கடிகாரத்தையும் சட்டையையும் கழற்றி எங்களில் ஒருவனிடம் கொடுத்துவிட்டு அண்ணன் களத்தில் இறங்குவார். அந்தக் கடிகாரம் யார் கையில் என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும்.

பாடிப் போகும்போது அவர் குரல் ஏறாது, இறங்காது. கண் எதிராளியின் முகத்தைப் பார்க்காது, கார்னர்காரனின் பாதத்தைத்தான் பார்க்கும். இடது காலை முன்னே நீட்டி, எடுக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு நொடி கூடுதலாக அங்கேயே வைத்திருப்பார். கணுக்காலைப் பிடிக்க அவன் குனிவான். குனிந்த தோளை அண்ணனின் கை தொட்டிருக்கும். பிடி விழுந்துவிட்டாலும் விடமாட்டார், மூன்று பேரை இழுத்துக்கொண்டு முன்னால் விழுவார். விரல் நுனி நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் கிடக்கும். நடுவர் கோட்டருகே குனிந்து பார்ப்பார், விசில் வரும்வரை ஊரே வாயடைத்து நிற்கும்.

ஜெயித்தால் குத்துவிளக்கோ அண்டாவோ கிடைக்கும், கொஞ்சம் ரொக்கமும் கிடைக்கும். மறுநாள் லோடுக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. ஒரு வருஷம் முட்டி விலகி, புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லாமலே ஆட்டம் நடந்தது. அந்த வருஷம் எனக்குப் பொங்கலே பிடிக்கவில்லை.

உழைக்கிறவனின் விளையாட்டுக்கு எங்கும் இந்தப் பாடுதான். இங்கிலாந்தின் வடக்கில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப்போனால் கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று கிளப்புகள் கேட்டன, மேலிடம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோனார்கள். ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. நம் கபடிக்காரருக்கு ஈடு வேறு வழியில் வந்தது. நன்றாக ஆடினால் மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை. தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் அந்த வழியில் ஏறியவர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், 1995-ல் அர்ஜுனா விருது பெற்றார். எங்கள் அண்ணனுக்கு அப்படி ஒரு கதவைக் காட்ட ஆள் இல்லை. அவரிடம் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2014-ல் புரோ கபடி வந்தது. மண் போய் மேட் வந்தது, வெறுங்கால் போய் ஷூ வந்தது. மூச்சு உள்ளவரை என்றிருந்த பாட்டு முப்பது விநாடிக்குள் அடங்கியது. முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்குத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. கபடி ஆடி ஒருவன் வீடு கட்ட முடியும் என்பதை நான் மனம் நிறைந்து வரவேற்கிறேன்.

அதைவிடப் பெரிய மாற்றம் பெண் பிள்ளைகள் ஆட வந்தது. அன்று அவர்கள் களத்துக்கு வெளியே, பாட்டிகளோடு உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். இன்று ஒரு சிறுமிக்கு முதல் பிடித்த ஆட்டக்காரர் ஒரு பெண்ணாகவே இருக்கலாம்.

இன்றைய பையன்கள் பர்தீப் நர்வாலின் டுப்கியை, பிடிக்க வருகிறவர்களின் கைக்கடியில் குனிந்து நுழைந்து தப்பும் அந்த வித்தையை, போனில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். நாங்கள் ஒரே ஒருவரைப் பார்த்துக் கற்றதைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைச் செய்துபார்க்க இடம் எங்கே? ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய வயல்கள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. மேட் வாங்க ஊர்க் குழுவுக்கு வசதி போதாது. சிமெண்டுத் தரையில் டுப்கி அடித்தால் முட்டிதான் போகும். பொங்கலுக்கு மட்டும் கோடு போடாமல், வருஷம் முழுக்க ஒரு திடலை ஒவ்வோர் ஊராட்சியும் ஒதுக்கி வைக்க வேண்டும். தெருவில் விளையாடும் பிள்ளை பெரிய ஆட்டக்காரரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேறு வழியில்லை.

பொங்கல் விடுமுறையில் பறவை பார்க்க வேடந்தாங்கல் போனால் எங்கள் கூட்டு ரோட்டில்தான் திரும்புவீர்கள். வழியில் ஏதாவது ஓர் ஊரில் மைக் செட்டில் ஸ்கோர் சொல்லும் சத்தம் கேட்டால் வண்டியை ஓரம் கட்டுங்கள். பிள்ளைகளைக் கோட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் ஆட்டமாவது பார்க்க விடுங்கள். கிளம்பும்போது பரிசுத் தொகைக்கு உங்களால் ஆனதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.