விலை கேட்டு வரும் அழைப்பு

பழவேற்காட்டு மீன் வியாபாரத்தில் தராசுக்கு அடுத்து முக்கியமான சாமான் செல்போன். ஏரியிலும் கடலிலும் பிடிபடும் இறால், நண்டு, மடவை, கொடுவா எல்லாம் கரையேறிய சில மணி நேரத்துக்குள் கைமாறியாக வேண்டும். எந்தக் குப்பத்தில் எவ்வளவு சரக்கு இறங்கியிருக்கிறது, இறால் என்ன கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை), சென்னை சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் இன்றைக்கு என்ன விலை போகிறது, ஐஸ் கிடைத்ததா, வண்டி கிளம்பிவிட்டதா என்று அத்தனையும் போனிலேயே விசாரிக்கப்பட்டு போனிலேயே முடிகிறது.

இந்தப் பழக்கம் மீனவருக்கு நன்மையே செய்திருக்கிறது. வடகேரளக் கரையில் 1997க்கும் 2001க்கும் இடையே செல்போன் வந்து சேர்ந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன மாறியது என்பதைப் பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் கணக்கெடுத்து 2007இல் வெளியிட்டார். அதற்கு முன் வாங்க ஆளில்லாமல் பிடிபட்ட மீனில் 5 முதல் 8 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது. போன் வந்தபின் அந்த வீண் ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. எனவே மீன் வியாபாரியிடம் போய்ப் போன் பேச்சைக் குறையுங்கள் என்று சொன்னால் அது காதில் ஏறாது. பழவேற்காட்டின் சிக்கல் வேறு. போன் அதிகம் ஒலிக்கும் நேரமும் சரக்கு சாலையில் போய்க்கொண்டிருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன.

லைட் ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களின் சரக்கு ஏரிப் பாலத்தைத் தாண்டித்தான் பழவேற்காடு பஜாருக்கு வர வேண்டும். அங்கிருந்து திருப்பாலைவனம், மெதூர் வழியாகப் பொன்னேரிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டினால் ஒரு பக்கம் தச்சூர் கூட்டுச்சாலையில் கொல்கத்தா நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் மீஞ்சூர். மீஞ்சூர்ப் பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் ராஜ்ஜியம். பின்னால் பெட்டி கட்டிய பைக், 'குட்டியானை' என்று ஊரே அழைக்கும் சிறு சரக்கு வண்டி, கூடையோடு பெண்களை ஏற்றிய ஷேர் ஆட்டோ ஆகியவை இந்தச் சாலைகளில் விடியலுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றன. பூநாரை வரும் பருவத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், சென்னையிலிருந்து வரும் கார்களும் சேர்ந்துகொள்ளும். வழி தெரியாத அந்த ஓட்டுநர்களின் கண் பாதி நேரம் திரையில் உள்ள வரைபடத்தின் மேல் இருக்கும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். பையிலிருந்து போனை எடுத்து, கூப்பிடுவது யாரென்று பார்த்து, விரலால் இழுத்துக் காதில் வைப்பதற்குள் நாலைந்து விநாடி ஆகிவிடுகிறது. அதற்குள் வண்டி சுமார் 50 மீட்டர் போயிருக்கும். அத்தனை தூரமும் சாலையை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரிகளுக்குள் கேமரா பொருத்தி ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. குறுஞ்செய்தி தட்டும் ஓட்டுநரின் கண்கள் 6 விநாடியில் 4.6 விநாடி சாலையை விட்டு விலகியிருந்தன. விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ நேர்வதற்கான வாய்ப்பு அவருக்கு 23 மடங்கு கூடியிருந்தது.

பைக்கில் இதன் அபாயம் இன்னும் அதிகம். ஆக்ஸிலேட்டர் வலக்கையில் இருப்பதால் போன் பெரும்பாலும் இடக்கைக்குப் போகிறது. கியர் வண்டியில் அந்தக் கை விட்டால் கிளட்ச் இல்லை, ஸ்கூட்டரில் பின்சக்கர பிரேக் இல்லை. பின்னால் ஐஸும் மீனுமாக ஐம்பது கிலோ ஏறியிருந்தால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் சின்ன அசைவுக்கே திரும்பும். பெட்டிக்குள் ஐஸ் உருக உருகத் தண்ணீர் அலம்பி எடை இடம் மாறும். இரண்டு கையாலும் பிடித்தாலே ஆட்டம் காட்டும் வண்டி அது. குறுக்கே ஒரு மாடு வந்தால் ஒரு கையால் அதை நிறுத்த முடியாது.

போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்வது பரவலாகக் காணப்படும் உபாயம். ஹெல்மெட் இல்லாதவர் தலையைச் சுற்றித் துண்டு கட்டி அதற்குள் செருகுவார், அல்லது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். தலை சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி மறையும், பின்னால் வரும் லாரியின் ஹாரனும் ஒரு காதுக்கு எட்டாது. ஹெல்மெட் தலையோடு கெட்டியாகப் பொருந்தியிருந்தால்தான் காக்கும். நடுவே போன் இருந்தால் விழும்போது அதுவே கன்னத்தில் இடிக்கும்.

கை இரண்டும் ஹேண்டிலில் இருக்கிறதே, ப்ளூடூத் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இதைச் சொல்கிறவர்கள் கையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள். கனடாவின் டொரன்டோ நகரில் ரெடல்மியர், டிப்ஷிரானி என்ற இருவர் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்களை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டு 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். போன் பேசும் வேளையில் விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று கண்டனர். கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் அது குறையவில்லை. ஏன் என்பதற்கு யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு விடை தேடியது. காரோட்டும் மாதிரி அரங்கில் ஓட்டுநர்களின் பார்வை எங்கே படுகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். சாலையோரப் பலகைமேல் பார்வை பட்டது உறுதி. ஆனால் போன் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பலருக்கு அப்படியொரு பலகையைக் கண்ட நினைவே இல்லை. கண் பார்த்தது, மனம் பேச்சில் இருந்தது.

மீன் வியாபாரப் பேச்சு 'சாப்பிட்டாயா' என்று கேட்கும் பேச்சு அல்ல. கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்கிறான், முப்பது கிலோ இருக்கிறது, அறுநூறு ரூபாய் போகும், டீசலுக்கு என்ன மிஞ்சும், முன்பணம் வாங்கிய ஏஜென்டிடம் மறுக்க முடியுமா? இத்தனையையும் மனக்கணக்காகப் போட்டு, எதிராளியின் குரலை எடைபோட்டு, உடனே பதில் சொல்ல வேண்டும். தரையில் உட்கார்ந்து செய்தாலே முழுக் கவனத்தையும் கேட்கும் வேலை இது.

இதில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. அவர் மறுமுனையில் இருப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுபவர் எதிரே லாரி வந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்வார், சில சமயம் 'பார்த்து' என்று குரலும் கொடுப்பார். போனில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. பேரம் சூடாக இருக்கும்போது பதில் தாமதமானால் 'என்னப்பா சத்தத்தையே காணோம்' என்று இன்னும் அழுத்துவார். யூட்டா குழு 2008இல் இதையும் சோதித்தது. குறிப்பிட்ட ஓரிடத்தில் சாலையை விட்டு இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியபோது, போனில் பேசியபடி ஓட்டியவர்களில் சுமார் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள். அருகில் இருந்த நண்பரோடு பேசியபடி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாக இறங்கினார்கள்.

கூப்பிடுபவரின் பொறுப்பு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மோட்டார் சைக்கிளில் போன ஒரு தம்பதிமீது, குறுஞ்செய்தியில் கவனமாக இருந்த இளைஞர் ஓட்டிய வண்டி மோதி, இருவரும் ஆளுக்கொரு காலை இழந்தனர். செய்தி அனுப்பிய பெண்ணையும் வழக்கில் சேர்த்தார்கள். பெறுபவர் வண்டி ஓட்டுகிறார், ஓட்டியபடியே படிப்பார் என்று தெரிந்தே அனுப்பினால் அனுப்பியவரும் பொறுப்பாகலாம் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு அப்படித் தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதால் அவர் விடுபட்டார். இந்தியச் சட்டம் ஓட்டுபவரை மட்டுமே பிடிக்கிறது. ஆனால் பழவேற்காட்டு வியாபாரத்தில், சரக்கு வண்டியில் போகிறது என்று நன்றாகத் தெரிந்தேதான் பெரும்பாலான அழைப்புகள் போகின்றன.

கவனத்தின் மதிப்பு மீனவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய விஷயம் அல்ல. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை புரளும் நாளில், ஃபைபர் படகின் இன்ஜினைப் பிடித்திருப்பவர் பாலித்தீன் உறைக்குள் போன் அடித்தாலும் தொட மாட்டார். அலை எண்ணிப் படகை உள்ளே விடும் அந்த நிமிடங்களில் படகிலிருக்கும் மற்றவர்களும் அவரோடு பேச்சுக் கொடுப்பதில்லை. தண்ணீரில் ஆபத்து கண்ணுக்கு எதிரே எழுந்து நிற்கிறது. தார்ச்சாலையோ விபத்து நடக்கும் வரை சாதுவாகத்தான் தெரியும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டறிக்கைப்படி நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இறந்தோர் எண்ணிக்கையில் இரண்டாமிடம்: 17,884. வண்டி ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதால் நேர்ந்தவை என்று பதிவான விபத்துகள் நாடு முழுவதும் 7,558, இறப்புகள் 3,395. கடைசிக் கணக்கை அப்படியே நம்புவது கடினம். விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ் வரும்போது போன் எங்கோ சிதறிக் கிடக்கும், அல்லது யாரோ எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பார். பேசிக்கொண்டிருந்தேன் என்று பிழைத்தவர் தானாகச் சொல்வதில்லை. முதல் தகவல் அறிக்கையில் வழக்கமான 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வரி விழுந்துவிடும். அந்த அஜாக்கிரதைக்குள் எத்தனை அழைப்புகள் புதைந்திருக்கின்றன என்று புள்ளிவிவரம் காட்டாது.

சட்டம் கடுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் திருத்தப்பட்ட பட்டியலின்படி சாலையிலேயே வசூலிக்கும் தொகை முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. குட்டியானை ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆயிரம் ரூபாயைவிட இதுதான் பெரிய அடி. வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், போனைப் பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதி இடம் தருகிறது. யாராவது இறந்துவிட்டால் விவகாரம் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டத்தில் அது இரண்டு ஆண்டாக இருந்தது.

தூரமும் ஒரு தண்டனைதான். குப்பத்துப் பக்கம் தலையில் அடிபட்டவர் முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கும், காயம் பெரிதென்றால் அங்கிருந்து சென்னைக்கும் போயாக வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அடிபட்டவருக்கு உதவி செய்பவரைப் போலீசோ நீதிமன்றமோ அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இது இன்னும் பலருக்குத் தெரியாததால் வண்டியை நிறுத்தத் தயங்குகிறார்கள். படுத்துவிட்டவர் வீட்டில் வலை தைக்கவும் படகில் ஆள் நிரப்பவும் யார் இருக்கிறார்கள் என்பது எந்தத் திட்டத்துக்குள்ளும் வராத செலவு.

அபராதத்தால் மட்டும் இது மாறும் என்று தோன்றவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு மெதூர்ச் சாலையில் நின்று சோதனை போட யாராலும் தினமும் முடியாது. அழைப்பு எதற்கு வருகிறது என்று பார்த்தால் வழி கொஞ்சம் புலப்படும். சாலையில் வரும் அழைப்புகளில் ஒரு வகை 'எங்கே வந்துகொண்டிருக்கிறாய்' என்ற ஒரே கேள்வி. கிளம்பும்போதே வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டால் வியாபாரி எட்டு மணி நேரம் வரை வண்டி நகர்வதைத் தானே பார்த்துக்கொள்ளலாம். இன்றைய போன்கள் பலவற்றில், வண்டி ஓடும்போது அழைப்பை நிறுத்தி, ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் அனுப்பும் வசதியும் இருக்கிறது. குட்டியானையில் கூட வருபவர் இருந்தால் போன் அவர் மடியில் இருக்கலாம். ஷேர் ஆட்டோவில் போகும் மீன்காரப் பெண்கள் தினசரி வாடிக்கை. அவர்கள் ஏறினால்தான் அந்த ஓட்டுநருக்கு வருமானம். போன் பேசும் ஆட்டோவில் ஏற மாட்டோம் என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால் போலீஸ் அபராதத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

இன்னொரு வகை விலைப் பேச்சு. இதில் ஓட்டுபவரைவிட வியாபாரிக்குத்தான் பிடி அதிகம். பெட்டியில் ஐஸ் கொட்டும் முன்பே விலையை முடித்துவிட்டு வண்டியை அனுப்புவது அவர் கையில் இருக்கிறது. பாதி வழியில் சந்தை விலை மாறுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ஒரு மிஸ்டு கால் கொடுத்துக் காத்திருக்கலாம். திருப்பாலைவனத்திலோ மெதூரிலோ ஓரங்கட்டி ஓட்டுபவர் திருப்பிக் கூப்பிட ஐந்து நிமிடம் போதும். தெர்மாகோல் பெட்டியில் அந்த ஐந்து நிமிடத்தில் மீன் கெட்டுவிடாது.