கூதிரும் போர்வையும்: திண்டுக்கல் சமவெளியில் கடுங்குளிர் பற்றிய நினைவும் அளவீடும்

ஆய்வுச்சுருக்கம்

குளிரின் கடுமையை வானிலையியல் வெப்பநிலை கொண்டு அளக்கிறது. தமிழ் இலக்கிய மரபும் வாய்மொழி வழக்கும் அதனை நனைவு, காற்று, போர்வை ஆகியவற்றைக் கொண்டு அளக்கின்றன. சித்தையன்கோட்டையை உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளியையும் அதனை அடுத்த பழனிமலைத் தொடரையும் களமாகக் கொண்டு இவ்விரு அளவைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. நெடுநல்வாடை, புறநானூற்றின் பேகன் பாடல்கள், 1977-ஆம் ஆண்டுப் புயல்மழை, மலைத்தோட்டங்களுக்குப் பெயர்ந்த சமவெளி மக்களின் வரலாறு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூதிர், வாடை, பனி, நெடுநல்வாடை, பேகன், கம்பளி, குடகனாறு, திண்டுக்கல்

முன்னுரை

சித்தையன்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் மலையடிவாரச் சமவெளியில் அமைந்த பேரூர். மேற்கே பழனிமலைத் தொடர் எழுந்து நிற்கிறது; அருகில் ஆத்தூரில் காமராசர் நீர்த்தேக்கம் உள்ளது. சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், 1899-இல் நிறுவப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 2,343 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும் என்னும் பொதுக்கணக்கின்படி, மேலும் கீழும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 13 பாகை செல்சியசு ஆகும். மேலே புல்வெளியில் உறைபனி படரும் தைமாத விடியலில், கீழே வயலுக்குச் செல்பவர் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும்.

இதனைக் கொண்டு சமவெளியில் கடுங்குளிரே இல்லை என்று முடிவுகட்டிவிடலாம். இந்திய வானிலைத் துறையின் வரையறையும் அவ்வாறே சொல்லும். சமவெளி நிலையம் ஒன்றின் குறைந்த அளவு வெப்பநிலை 10 பாகை அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் அங்குக் குளிரலை என்னும் பேச்சே எழும். மலைப்பகுதிக்கு அவ்வெல்லை சுழியம். அதன்பின் இயல்பளவிலிருந்து எத்தனை பாகை தாழ்ந்தது என்பது பார்க்கப்படும். வட இந்தியச் சமவெளியின் நிலைமைக்குப் பொருந்தும் இவ்வரையறையைத் தென்னகத்தின் உள்நாட்டுச் சமவெளி எட்டுவது அரிது. ஆயினும் இந்நிலத்தின் பழைய பாடல்கள் குளிரில் நடுங்குகின்றன. அந்நடுக்கம் புலவரின் மிகைக்கூற்றா, அன்றி அளவுகோல்தான் வேறா என்பதே இங்கு எழும் வினா.

பனி: பொருளும் மெய்ப்பாடும்

தமிழில் ‘பனி’ என்பது பெயராகவும் வினையாகவும் நிற்கும். பெயராகும்போது புல்நுனித் துளி முதல் இமயத்து உறைபனி வரை அனைத்தையும் சுட்டும். வினையாகும்போது நடுங்குதல் என்று பொருள்படும். கண்ணில் நீர் தளும்புதலையும் ‘கண் பனித்தல்’ என்பர். வெளியே பெய்வதற்கும் உடல் அதற்குத் தரும் விடைக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. இச்சொல்லின்வழி நோக்கினால், குளிர் என்பது காற்றின் பண்பு மட்டுமன்று. அதனை ஏற்கும் மெய்யின் நிலையும் ஆகும்.

பருவப் பகுப்பிலும் இந்நுண்மை உண்டு. உரையாசிரியர் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆண்டின் பாதியைக் குளிருக்குரிய மூன்று பருவங்களாக வகுத்த இம்மரபு, மழையும் வாடையும் கலந்த ஈரக்குளிரைக் கூதிர் என்று தனியே பிரித்தது. தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கு உரிமையாக்கி, பின்பனியை வேனிலோடு சேர்த்துப் பாலைக்குத் தருகிறது. வெயிலுக்குரிய பாலைக்குப் பனி எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் மாணாக்கர் பலருக்கும் எழுவதே. மேகமற்ற வறண்ட வானத்தின்கீழ் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் விரைந்து இழக்கும். பகல் சுடும், விடியல் குளிரும். வறள்நிலத்திற்கே உரிய இவ்வேறுபாட்டைக் கண்டவர்க்கு அவ்வைப்பு முரணாகத் தோன்றாது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழியும் இவ்வகையினதே. ‘பிளக்கும்’ என்ற பாடவேறுபாட்டுடனும் இது வழங்குகிறது. இதில் குளிரின் அளவு சொல்லப்படவில்லை. அது எதனை ஊடுருவுகிறது என்பதே சொல்லப்படுகிறது. தரையில் பாய் விரித்துப் படுப்பவரையும் மச்சுவீட்டில் படுப்பவரையும் வேறுபடுத்தும் சொற்றொடர் அது. தரையில் கிடப்பவரை ஒரு மாதம் முன்னதாகவே குளிர் அடைந்துவிடுகிறது.

நெடுநல்வாடை காட்டும் இரு குளிர்கள்

பத்துப்பாட்டுள் 188 அடிகளால் ஆகிய நெடுநல்வாடை, தலைவியின் பிரிவாற்றாமை, பாசறையில் வேந்தன் ஆகியவற்றை முன்னிட்டே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அகமா புறமா என்னும் நெடிய விவாதம், பாட்டின் முற்பகுதியில் உள்ள குளிர்க் காட்சிகளைப் பின்தள்ளிவிட்டது என்றே கூறவேண்டும்.

நக்கீரர் முதலில் காட்டுபவர் கோவலர். மழைவெள்ளத்தை வெறுத்து, தம் நிரைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச்சென்று, பழகிய இடத்தை விட்டு வந்த வருத்தத்தோடு அவர்கள் நிற்கின்றனர். சூடிய கண்ணியிலிருந்து நீர் வடிகிறது. பலர் கூடி மூட்டிய தீயில் கை காய்ச்சியும் கன்னம் நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, மந்தி கூனிக் குறுகுகிறது, பறவைகள் வீழ்கின்றன, பால் உண்ண வரும் கன்றைப் பசு உதைக்கிறது. பின்னர்ப் பாட்டு நகருக்குள் நுழைகிறது. அங்கும் குளிர்தான். ஆனால் சந்தனக்கல் பயனற்றுக் கிடக்கிறது, விசிறியில் சிலந்தி நூல் படிகிறது, சாளரக் கதவுகள் அடைபடுகின்றன, குறுகிய வாயுடைய கன்னலின் தண்ணீரை யாரும் அருந்துவதில்லை, அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு எரிகிறது. குளிரால் நிலைகுலைந்த யாழ் நரம்பை ஆடல்மகளிர் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு இசைவிக்கின்றனர். தேறல் மாந்தித் தூவலைப் பொருட்படுத்தாது தெருவில் திரிவோரும் உளர். கள்ளையும் ஒரு போர்வையாகக் கொண்டவர்கள் அவர்கள்.

ஒரே வாடை, ஒரே இரவு. நகரத்தார்க்கு அது பழக்கத்தின் மாற்றம். கோவலர்க்கு அது இடப்பெயர்ச்சி. வெப்பமானி ஒன்றை இரு இடங்களிலும் வைத்திருந்தால் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும். பாட்டின் இறுதியில் பாசறைத் தெருவில் புண்பட்ட மறவரைக் காண நள்ளிரவில் வரும் வேந்தனும் நழுவும் மேலாடையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டே நடக்கிறான். துளியை மறைக்க அவனுக்குக் குடை உண்டு. துணி யாரிடத்தில் எவ்வாறு இருக்கிறது என்பதைப் பாட்டு இறுதிவரை கவனித்துவருகிறது.

நனைந்த உடல்

கோவலரின் நடுக்கம் மிகையன்று என்பதற்கு இயற்பியல் துணை நிற்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. நனைந்த ஆடை உடலோடு ஒட்டிக்கொண்டு, காற்று வீசும்போது ஆவியாகி, மேலும் வெப்பத்தைப் பறிக்கிறது. ஆதலால் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழ்வதற்கு உறைநிலைக் குளிர் வேண்டுவதில்லை. மழையும் காற்றும் நெடுநேரமும் சேர்ந்தால், 10 பாகைக்கு மேலேயே அது நிகழக்கூடும். முதியோர்க்கும் குழந்தைகட்கும் பசித்திருப்போர்க்கும் இவ்விடர் மிகுதி. ஊர்வழக்கில் ‘ஊதக்காத்து’ எனவும் ‘கூதல்’ எனவும் அஞ்சப்படுவது இதுவே.

திண்டுக்கல் சமவெளியின் அண்மை வரலாற்றில் இத்தகைய கூதிருக்குத் தக்க சான்று 1977. அவ்வாண்டு நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய புயல், கடற்கரையோடு நில்லாமல் உள்நாட்டின் குறுக்கே மேற்கு நோக்கிச் சென்றது. அவ்வாண்டின் பெருவெள்ளத்தில் வேடசந்தூர் வட்டத்தில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த மண்ணணையின்மீது வெள்ளம் வழிந்து அணை உடைந்தது. அணைப் பொறியியல் நூல்கள் இந்நிகழ்வை மதகு இயக்கம், வெள்ளக் கொள்ளளவு ஆகியவற்றின் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் குறிக்கின்றன. அவை நீரைப் பேசுகின்றன. வீடிழந்தவர் ஈரத்துணியோடு கழிக்க நேரும் இரவுகள் வெள்ளக்கணக்கிலும் வாரா, குளிர்க்கணக்கிலும் வாரா. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலும் திண்டுக்கல், கொடைக்கானல் பகுதிகளைத் தாக்கியது. இரு நாள்களும் ஐப்பசியின் இறுதியில், கூதிரின் நடுவில், விழுகின்றன. கடற்கரைப் பேரிடர் என்றே பதிவாகும் புயல், உள்நாட்டில் ஒரு குளிர்ப் பேரிடராகவும் இருக்கக்கூடும் என்பதைக் கோவலரின் மேட்டுநிலம் முன்பே காட்டிவிட்டது.

பேகனின் படாம்

சித்தையன்கோட்டைக்கு வடமேற்கே, அதே மலைத்தொடரின் மறுமுனையில், ஆவியர் பெருமகன் பேகனின் பழனி உள்ளது. மயிலுக்குப் போர்வை ஈந்த அவன் செயல் கொடைமடத்தின் எடுத்துக்காட்டாகப் பள்ளிப்பாடம் வரை வந்துவிட்டது. ஆனால் புறநானூறு 141 முதல் 147 வரையிலான பாடல்களைத் தொடர்ந்து படிப்போர்க்கு அச்செயல் வேறு பொருள் தரும். அம்மயில் அதனை உடுத்தாது, போர்த்தாது என்று பேகன் அறிந்தே கொடுத்தான் என்கிறார் பரணர் 141-இல். 145-இல் அவரே, மயில் குளிரால் நடுங்கும் என்று இரங்கிக் கொடுத்தவன் என விளித்து, தமக்குப் பரிசில் வேண்டா, துயருற்றிருக்கும் மனைவியிடம் இன்றிரவே செல்க என்று இரக்கிறார். 147-இல் பெருங்குன்றூர்கிழார், கார்முகிலின் துளியோசையைத் தனித்திருந்து கேட்கும் அவளைக் காட்டுகிறார்.

மயிலின் நடுக்கத்தை உணர்ந்தவனுக்குத் தன் இல்லத்தில் தனித்திருப்பவளின் நிலை தெரியாமற்போயிற்று என்னும் இடித்துரை இப்பாடல்களின் அடியோட்டம். போர்வை இங்கே வள்ளன்மையின் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. யார் மூடப்பட்டார், யார் விடுபட்டார் என்று கேட்கும் கருவியாகவும் புலவர்க்குப் பயன்பட்டது. கொடைமடம் என்னும் தலைப்பின்கீழ் 141-ஐ மட்டும் தனியே பயிற்றுவிப்பதால் இக்கேள்வி மறைந்துபோகிறது.

மலையேறியவர்களின் கம்பளி

மலைக்குளிரைச் சமவெளியார் நேரில் பெருந்திரளாக அறிந்தது 19-ஆம் நூற்றாண்டில். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியது சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்புவதற்காக. மலைப்பாதை வண்டிகளுக்கு ஏற்றதாக அமையும்வரை அவர்களையும் அவர்தம் சுமைகளையும் மேலே கொண்டுசென்றவை மனிதத் தோள்கள். ஏறியவர்க்கு நலந்தரும் குளிர், சுமந்தவர்க்கு வேலையிடத்தின் இடராயிற்று.

அதே நூற்றாண்டில், திண்டுக்கல்லையும் உள்ளடக்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்திலிருந்தும் திருச்சி, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. தையிலும் மாசியிலும் அங்குப் புல்மேல் படியும் வெண்படிவை இன்றைய இலங்கைத் தமிழ் இதழ்கள் ‘துகள் உறைபனி’ என எழுதுகின்றன. முழங்கால் வேட்டியோடு சென்றவர்க்குத் தோட்டம் கொடுத்த காப்பு ஒரு கம்பளி. அதுவும் அரிசியையும் வழிச்செலவையும் போலக் கடனாகக் கணக்கில் ஏறியது. பேகனின் படாம் திருப்பிக் கேட்கப்படாத கொடை. தோட்டத்துக் கம்பளி கூலியில் கழிக்கப்பட்ட பற்று. ஆங்கிலேயத் தோட்டத்தாரின் எழுத்தில் இச்சொல் ‘கம்ப்ளி’ என்றே புகுந்து, ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலும் இடம்பெற்றது.

மலையகத் தொழிலாளர் பாடல்களைத் தொகுத்தவருள் சி. வி. வேலுப்பிள்ளை குறிப்பிடத்தக்கவர். பரவலாக அறியப்பட்ட பாடல்களில் குளிரைவிட ஊரையும் தாயையும் இழந்த துயரே முன்னிற்கிறது. குளிர் பொருட்டன்று என்பது இதன் பொருளாகாது. அது தனித்துச் சொல்லப்படாமல் இழப்போடு கலந்துவிட்டது. ஆனைமலைத் தோட்டங்களின் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ நாவலைத் தமிழாக்கிய இரா. முருகவேள், அதற்கு ‘எரியும் பனிக்காடு’ எனப் பெயரிட்டார். பனியும் எரிவும் ஒருங்கே நிற்கும் அத்தலைப்பில், ‘பனித்தல்’ என்னும் பழைய வினையின் நடுக்கமும் கேட்கிறது.

கள ஆய்வுக்கான வினா

சமவெளியின் குளிர்நினைவைத் தொகுக்க முற்படுவோர், ‘எந்த ஆண்டில் குளிர் மிகுதி?’ என்று தொடங்கினால் பயனுள்ள விடை கிடைப்பது அரிது. ஆண்டெண்ணால் நினைவுகூரும் வழக்கம் ஊரில் குறைவு. புயல், அணையுடைப்பு, பிள்ளைப்பேறு, மாடு இறந்தது என்றே காலம் குறிக்கப்படும். அதனினும், ‘அன்றிரவு எங்கே படுத்தீர்கள், எதைப் போர்த்தினீர்கள், அது யாருடையது?’ என்னும் வினாக்கள் இம்மரபின் அளவைக்கு நெருக்கமானவை. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டது, ஒரே துப்பட்டியில் மூவர் படுத்தது, தொழுவத்து மூட்டத்தின் அருகே மாட்டோடு ஒண்டியது, கொள்ளு ரசமும் சுக்குநீரும் போன்ற செய்திகள் அவ்வினாக்களின் வழியே வெளிவரும்.

கொடைக்கானலின் கூடத்தில் நூற்றாண்டைக் கடந்த ஆய்வுப்பணி நடந்திருக்கிறது. கீழே குடகனாற்றுக் கரையின் நினைவுகளோ பெரிதும் ஆள்களிடமே உள்ளன. 1977-இல் பத்து வயதினராக அணையுடைப்பைக் கண்டவர்கள் இப்போது அறுபதை ஒட்டியவர்கள். அன்று குழந்தைகளை மேட்டுக்குத் தூக்கிச்சென்ற தலைமுறையில் எஞ்சியோர் எழுபதைக் கடந்துவிட்டனர்.