பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?
பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நம் கெங்குவார்பட்டிச் சகோதரர் ஒருவர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். வளைகுடாவில் கடை வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். தாயாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் மாறிப் போகிற நிலையில் அந்தத் தாயார் இல்லை.

வாங்கிய ஐந்தாவது வாரம் கதவில் ஒரு கீறல் விழுந்தது. பெரியகுளத்தில் ஒரு பெயின்டரிடம் வண்டியை விட்டார். அவர் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பாய், இது ஏற்கெனவே பட்டி போட்ட வண்டி. இடது பக்கம் முழுக்க வேலை பார்த்திருக்காங்க" என்றார். உடனே டீலருக்குப் போன் போட்டால், "நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க? ரவுண்டு அடிச்சுட்டுத்தானே அட்வான்ஸ் கொடுத்தீங்க?" என்று பதில் வந்தது.

அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அவர் நம்மிடம் வந்தார். இதே நிலை நாளை நம்மில் யாருக்கும் வரலாம். எனவே அவருக்காக நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மறு பெயின்டெல்லாம் மோசடி அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நான்கைந்து ஆண்டுகள் ஓடிய காரில் ஒரு பம்பருக்கோ கதவுக்கோ மறுபடி பெயின்ட் அடித்திருப்பது சாதாரண விஷயம். சந்தில் உரசியிருக்கும், பைக் இடித்திருக்கும். அதனால் வண்டி கெட்டுவிடாது.

பயப்பட வேண்டியது வேறு. பலமாக அடிபட்ட வண்டியை டிங்கரிங் செய்து, பட்டி பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்து, "ஒரிஜினல்" என்று விற்பது. வெளித் தகடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கூரையைத் தாங்கும் பில்லரும் முன்பக்கச் சட்டமும் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால், அடுத்த விபத்தில் அவை ஆளைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. கொடைக்கானல் மலைச்சாலை நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஏறுகிறது. அந்த வளைவுகளில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பணத்தை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலை வெயிலில் பாருங்கள். இரவில், மழையில், அல்லது வாட்டர் வாஷ் செய்த ஈரத்தோடு பார்க்காதீர்கள். வண்டியின் ஒரு முனையில் குனிந்து நின்று பக்கவாட்டாகப் பார்த்தால் நிற வேறுபாடும் அலையலையான மேற்பரப்பும் தெரியும்.

கதவு ஓர ரப்பர் பீடிங்கிலும், விளக்கு ஓரங்களிலும் பெயின்ட் துளி தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பானெட், கதவு கீல்களில் உள்ள போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உடைந்திருந்தால், அந்தப் பாகம் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. பீடிங்கை மெல்ல இழுத்தால் உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் தெரிய வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுத் தரையையும் பாருங்கள். பின்னால் இடிபட்ட வண்டி அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பெயின்ட் கனம் அளக்கும் சிறு கருவி இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மறு பெயின்ட் அடித்த தகட்டில் இது பெரும்பாலும் 200-ஐத் தாண்டும். பட்டி பூசிய இடத்தில் 500, 1000 என்றுகூடக் காட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் சற்று மாறுபடும் என்பதால் ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், எல்லாத் தகடுகளையும் அளந்து ஒப்பிட வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் உலோகத்துக்கான கருவி அங்கே பயன்படாது.

கடைசி இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் கேளுங்கள். கிளைம் செய்யாத முழுப் பாலிசிக்கு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று போனஸ் ஏறும். ஒரே உரிமையாளர் ஐந்தாண்டு விடாமல் முழு இன்சூரன்ஸ் கட்டிய வண்டியில் போனஸ் பூஜ்யமாக இருந்தால், சமீபத்தில் கிளைம் நடந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏன் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய உரிமையாளர் மூலம் சர்வீஸ் விவரத்தையும் வாங்கிப் பாருங்கள்.

கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்

நம் மக்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, விற்பவர் வெறுமனே வாய்மூடி இருந்தார் என்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் தெரிந்தே ஒரு குறையை மூடி மறைப்பதும், பொய் என்று தெரிந்தே ஒன்றைச் சொல்லி வாங்க வைப்பதும் 17-ஆம் பிரிவின்படி மோசடி. "சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே" என்ற வாதத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. டீலர் கேட்ட "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்ற கேள்வி அதே வாதம்தான்.

அதற்கு நம் கையில் இருக்கும் விடை, நாம் கேட்ட கேள்வியும் அவர் தந்த பதிலும்தான். "இந்த வண்டி விபத்தில் சிக்கியதா? எந்தெந்தத் தகட்டில் மறு பெயின்ட்? இன்சூரன்ஸ் கிளைம் உண்டா?" இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். முடிந்தால் விற்பனை ரசீதிலேயே "விபத்து இல்லாத வண்டி" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வேறு வண்டி பாருங்கள்.

நம் சகோதரர் அவரை அறியாமலே இதைச் செய்திருந்தார். "ஆக்சிடென்ட் வண்டியா?" என்று அவர் கேட்டதற்கு, "ஃபுல் ஒரிஜினல் பெயின்ட், டச்சப்கூட இல்லை" என்று டீலர் அனுப்பிய குரல் பதிவு போனில் அழியாமல் இருந்தது. அவர் வழக்குக்கு உயிர் கொடுத்தது அதுதான்.

இன்னொன்று. பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது கடையின் பெயரிலேயே இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

குறை தெரிந்த பிறகு

முதலாவதாக, வண்டியில் கை வைக்காதீர்கள். மறுபடி பெயின்ட் அடித்துவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரிடமோ காட்டி, எந்தத் தகட்டில் எவ்வளவு மைக்ரான், சட்டம் சேதப்பட்டதா இல்லையா என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இரண்டாவதாக, போனில் சண்டை போடாதீர்கள். கோபத்தில் பேசுவது நமக்கு எதிராகவே திரும்பும். கடைக்கு ஆள் சேர்த்துப் போய் நிற்பதும் வேண்டாம். ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, கேட்ட கேள்வி, வந்த பதில், இப்போது தெரிந்த உண்மை, நாம் கேட்பது, 15 நாள் கெடு. இவ்வளவுதான். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

மூன்றாவதாக, தாமதிக்காதீர்கள். குறை தெரிந்த பிறகும் பல மாதம், பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டால் அந்தக் கோரிக்கை பலவீனப்படும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எப்படி?

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர அனுமதிக்கிறது. டீலர் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தாலும் நாம் தேனியிலேயே மனு கொடுக்கலாம்.

கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரையிலான கொள்முதல்களை விசாரிக்கும். வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். வக்கீல் உதவி தேவைப்படும் பெண்களும் வருமானம் குறைந்தோரும் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

"உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்று சிலர் தயங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த குறைகளுக்கு அந்த வாசகம் பொருந்தலாம். பொய் சொல்லி விற்றவருக்கு அது கவசம் ஆகிவிடாது.

டாக்ஸி ஓட்டிப் பிழைக்க வாங்கினாலும், சுயதொழிலாகத் தன் வாழ்வாதாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே. ஆனால் வியாபாரி அல்லாத ஒரு தனிமனிதரிடம் நேரடியாக வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் ஆணையம் பொதுவாக வழி ஆகாது. சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

யார்மேல் புகார் என்பதும் முக்கியம். கோவாவில் ஒருவருக்கு 2009-இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடியிருந்த கார், 2011 மாடல் புது வண்டி என்று விற்கப்பட்டது. அந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டீலர் செய்தது தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்காதவரை நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. ஆகவே நமக்கு விற்றவர் யாரோ, அவரை எதிர்த்தரப்பாக வைத்துத் தெளிவாக எழுதுங்கள்.

எவ்வளவு கேட்பது?

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடம். 1990-இல் அலபாமா மாநிலத்தில் ஒரு டாக்டர் 40 ஆயிரம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்துப் புது பி.எம்.டபிள்யூ. கார் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்துப் பாலிஷ் போடக் கொடுத்தபோதுதான், அது விற்பனைக்கு முன்பே மறு பெயின்ட் அடிக்கப்பட்டது என்று தெரிந்தது. வழியில் அமில மழையால் பாதிக்கப்பட்டதாம். விலையில் 3 சதவீதத்துக்குள் அடங்கும் ரிப்பேரை வாங்குபவரிடம் சொல்வதில்லை என்பது அந்த நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது.

பெயின்ட் செலவு 601 டாலர்தான். ஆனால் நடுவர் குழு அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் 4,000 டாலர் என்றது. மறு பெயின்ட் அடித்த காரின் சந்தை விலை ஏறத்தாழ 10 சதவீதம் குறையும் என்ற சாட்சியமே அதற்கு அடிப்படை. அதோடு 40 லட்சம் டாலர் தண்டத் தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாக்கியது. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் மிக அதிகம் என்று தள்ளியது. கடைசியில் தண்டத் தொகை 50 ஆயிரம் டாலரில் வந்து நின்றது.

இந்த வழக்கு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. நஷ்டத்தைப் பெயின்டர் கூலியை வைத்துக் கணக்கிடாமல், உண்மை தெரிந்திருந்தால் அந்த வண்டிக்கு என்ன விலை கொடுத்திருப்போம் என்று கணக்கிட வேண்டும். அதேசமயம் அளவுக்கு மீறிக் கேட்டால் அது நிலைக்காது. சட்டமே வளைந்திருந்தால் வண்டியைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வெளித் தகடு மட்டும் என்றால் விலை வித்தியாசத்தைக் கேளுங்கள்.

நம் சகோதரரின் வண்டியில் பில்லரும் சட்டமும் நன்றாக இருப்பதாக சர்வேயர் எழுதித் தந்தார். இடது பக்கக் கதவு இரண்டும் ஃபென்டரும்தான் பட்டி. அறிக்கையையும் குரல் பதிவு பற்றிய குறிப்பையும் இணைத்துக் கடிதம் அனுப்பினோம். அவர் கேட்டது 60 ஆயிரம். பன்னிரண்டாம் நாள் டீலர் கூப்பிட்டுப் பேசி 40 ஆயிரம் கொடுத்தார். ஆணையம் வரை போகத் தேவைப்படவில்லை. அந்தத் தாயார் இப்போதும் அதே வண்டியில்தான் சிகிச்சைக்குப் போய் வருகிறார்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல்

நம் சமுதாயத்திலும் வண்டி வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழையில் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றம் அல்ல. அதைக் காய்ந்த தானியத்துக்கு அடியில் வைத்ததுதான் குற்றமாயிற்று. "இந்தக் கதவு பட்டி போட்டது, அதனால் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி விற்கிற வியாபாரியிடம் வாங்கியவர் நாளை தன் மச்சானையும் கூட்டி வருவார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருமுறை நம் அலுவலகம் வாருங்கள். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் கடிதத்தின் மாதிரியையும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். ஏற்கெனவே ஏமாந்தவர்களும் தயங்காமல் ரசீதுடனும் போனுடனும் வாருங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு அமர்ந்து எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.