மூலைதான் இதன் இடம்

1946இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், ஹோப் நகரில் பால் கிளிப்ஷ் தயாரிக்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் ஒலிபெருக்கியை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதற்கு ஈடான கொம்பை, அதாவது ஒலியை வெளியேற்றும் விரிந்த குழலைத் தனியாகச் செய்தால் வீடு கொள்ளாது. எனவே அவர் கொம்பை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, அதன் இறுதிப் பகுதியாக மூலைச் சுவர்களையும் தரையையுமே பயன்படுத்தினார். பின்புறம் திறந்த பழைய மாதிரிகளில் சுவரோடு இடைவெளி விழுந்தால் அடித்தொனி மெலியும்.

மூலையில் வைத்தால் ஒலி குமுறும் என்பார்கள். சாதாரணப் பெட்டிகளுக்கு அது பொருந்தும். மூலை தரும் கூடுதல் பலம் அவற்றின் கணக்கில் இல்லை. கிளிப்ஷ்ஹார்னோ அந்தப் பலத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டது. அறையின் ஒத்ததிர்வுகள் மூலையிலிருந்து வலுவாகத் தூண்டப்படும் என்பது மெய்தான். கேட்பவரின் இருக்கையைப் பின்சுவரிலிருந்து முன்னே நகர்த்தினால் அந்தக் குறை குறையும். மூலையில் கதவு இருந்தால் கனமான பலகைகளால் செயற்கை மூலை அமைக்கலாம். அதற்கும் வழியில்லாதவர்கள் வேறு ஒலிபெருக்கி வாங்குவதே நல்லது.